மிஷின் நின்ற இடங்கள்

மார்ச் 3

டீச்சர்,

நல விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் ஒரு கேள்வி. பாலப் புத்தகத்தில் அந்த எஞ்சினியர் எப்போது சாகிறார்?

போனில் கேட்டிருக்கலாம். நான் கத்த, நீ "என்ன? என்ன?" என்று திருப்பிக் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பஞ்சாயத்து பண்ணுவார். உன் காது இந்த நிலைக்கு வந்தபிறகு காகிதம்தான் நமக்கு நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். 'என்னை எழுத வைத்த ஐந்து புத்தகங்கள்' என்று போன மாதம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். உனக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். நீ ஒரு வரி பதில் போடவில்லை, அதைப் பிறகு பேசுவோம். அதில் பாலப் புத்தகத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லியிருந்தேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கிழட்டு எஞ்சினியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் கட்டிய பாலத்தில் வெறுங்காலோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கிறாரே, அந்த இடம். 'ஒரு கதையை எப்படி முடிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நடைதான்' என்று எழுதினேன்.

இந்த மாத இதழில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அப்படி ஒரு காட்சியே அந்தப் புத்தகத்தில் இல்லையாம். எஞ்சினியர் முப்பத்தோராம் அத்தியாயத்திலேயே காய்ச்சலில் இறந்துவிடுகிறாராம். 'நாவலாசிரியர் தம் முன்னோடிகளைப் படித்துவிட்டுப் பாராட்டுவது நலம்' என்று முடித்திருக்கிறார். உன் அண்ணன் அதை உரக்கப் படித்துவிட்டு, "என்னம்மா இது, பாஸ் மார்க்கூட போடல அந்த ஆளு!" என்றார்.

நூலகத்தில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பேராசிரியர் சொன்னது சரி. மனுஷன் செத்துத்தான் போகிறார். பாலத்தை எவனோ ஒரு அதிகாரி ரிப்பன் வெட்டித் திறக்கிறான்.

நாம் வைத்திருந்தது வேறு மொழிபெயர்ப்பா? ஞாபகப்படுத்திச் சொல். இந்த மாதக் கடைசிக்குள் பத்திரிகைக்கு நான் பதில் தரவேண்டும். ஜூனில் என் புது நாவலைப் போடுவதாக இருந்த பதிப்பாளர் நேற்று கூப்பிட்டு, "வேற எங்கயும் இந்த மாதிரி இருக்காதுல்ல மேடம்?" என்று இழுக்கிறார். எனக்கு இந்த வயதில் இந்த அவமானம் தேவையா?

உன் அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கட்டுரை வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. கட்டுரையின் மூன்றாவது பத்தியில், 'யாருமில்லாத மத்தியானங்களில், தனியாக, இந்தப் புத்தகங்களை நான் படித்தேன்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அழகான வாக்கியம். ஆனால் அந்த மத்தியானங்களில் நான் எங்கே இருந்தேன், அண்ணி?

நாலேகாலுக்குப் பள்ளியிலிருந்து வருவேன். பையை ஆணியில் மாட்டுவேன். நீங்கள் ஜன்னலோரம் மிஷினில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருப்பீர்கள். தலையைத் தூக்காமலே, "வந்துட்டியா, ஆரம்பி" என்பீர்கள். எதிரில் முக்காலியில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். ஆறு மணிக்கு அண்ணன் வந்து, "இந்த வீட்ல காபின்னு ஒண்ணு இருந்துச்சே" என்று கேட்கும்வரை. எனக்கு இடமாற்றம் வரும்வரை பதினோரு வருஷம் இப்படி. உங்கள் கைக்கும் கண்ணுக்கும் துணி இருந்தது. புத்தகம் என் கையில்தான் இருந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் குரூப் போட்டோ எடுத்தால், எடுப்பவர் படத்தில் இருக்கமாட்டார். அது நியாயம், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் போட்டோ எடுத்தவள் இல்லை, அண்ணி. நடு வரிசையில் உட்கார்ந்திருந்தவள். படம் கழுவி வந்தபோது அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

இதை எழுதுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

எஞ்சினியர் விஷயம் பிறகு எழுதுகிறேன்.

டீச்சர்


மார்ச் 13

டீச்சர்,

அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். தப்புதான். ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரியவேண்டும்.

எட்டாவதோடு நின்றவள் நான். மேடையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் "நான் கல்லூரியில் படித்தபோது" என்று ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால், "என் நாத்தனார் வாசிக்க, காஜா போட்டுக்கொண்டே கேட்டேன்" என்று சொல்லவேண்டும். கேட்டேன் என்பதற்குப் பதில் படித்தேன் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். நாக்கில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. இருபது வருஷமாக அதையே சொல்கிறேன். இப்போது சொந்தமாகவே படிக்கிறேன், வேகமாகவே படிக்கிறேன். ஆனாலும் அந்த ஐந்தையும் மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை. அவைதான் உள்ளேயே இருக்கின்றனவே என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. ஒரு அத்தியாயம் எழுதி முடித்ததும், பழைய மிஷின் முன்னால் உட்கார்ந்து, நூல் கோக்காமல் சும்மா மிதித்துக்கொண்டே, எழுதியதை வாய்விட்டுப் படிப்பேன். எந்தப் பக்கத்தில் கால் தானாக நிற்கிறதோ அதை வைத்துக்கொள்வேன். ஓடிக்கொண்டே இருந்தால் குப்பை. ஏழு நாவலும் அப்படி வடிகட்டியதுதான். உன் அண்ணன் ஒரு பேட்டிக்காரரிடம், "அவ எழுதறது எனக்குத் தெரியாது சார், தைக்கிறதுதான் கேக்கும், ஆனா ஒரு சட்டையும் வெளிய வராது" என்று சொல்லியிருக்கிறார்.

எட்டாவது நாவலும் இப்போது முடிந்துவிட்டது. யூனிபார்ம் தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களின் கதை. கடைசி அத்தியாயத்தில், முப்பது வருஷம் மற்றவர்களுக்கே தைத்தவள், அனுப்பி வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, அதுவரை பின்வாசல் வழியாகவே வந்து போனவள், முன்வாசல் வழியாக நடந்து வெளியே போகிறாள். அந்த நடை எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். பாலத்திலிருந்து. பாலமே இல்லை என்றால் இவள் எதன்மேல் நடக்கிறாள்?

அது கிடக்கட்டும். 'பிறகு எழுதுகிறேன்' என்றாயே, அது என்ன பிறகு? உன் அண்ணன் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "என் தங்கச்சி 'பிறகு'ன்னா எதையோ ஒடச்சிருக்கான்னு அர்த்தம். ரேடியோவ ஒடச்சப்பவும் இதத்தான் சொன்னா."

எதை உடைத்தாய்?

அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் சொன்னது சரி. ஆனால் ரேடியோவை உடைத்தது அவர்தான். அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

முதலில் உங்கள் ஐந்தில் ஒன்றான உப்பு வியாபாரி புத்தகம். நூலகத்திலிருந்து வந்த பிரதியில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. யாரோ கிழித்திருக்கிறார்கள். நான் அதைக் கவனித்தது வாசித்துக்கொண்டே போய் அந்த இடத்துக்கு வந்தபோதுதான். நீங்கள் காலர் திருப்பிக்கொண்டே, "ம், அப்புறம்?" என்றீர்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாக நம்மோடு இருந்த வியாபாரியை நடுத்தெருவில் நிறுத்த மனசு வரவில்லை. பின்னட்டையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். அவர் கடைசி மூட்டையைக் கடலிலேயே கொட்டிவிட்டு, "எடுத்த எடத்துலயே வச்சாச்சு" என்று திரும்புகிறார் என்று சொன்னேன்.

மிஷின் நின்றது.

நீங்கள் கால் தானாக நிற்கிறது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் எனக்கும் அதுதான் அளவுகோல். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பு எடுத்திருக்கிறேன். பிரம்பைத் தட்டினால் வகுப்பு அமைதியாகும், கண்காணிப்பாளர் வந்தால் அமைதியாகும். எனக்காக அமைதியானது உங்கள் மிஷின் மட்டும்தான்.

அப்புறம் பேராசை வந்துவிட்டது. பெரிய எழுத்தாளர்கள் ஆற்றை நாலு பக்கம் வர்ணிப்பார்கள், மிஷின் ரயில் மாதிரி ஓடும். நான் நடுவில் ஒரு வரி என்னுடையதைச் செருகுவேன், மிதி தயங்கும். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா? பெரிய எழுத்தாளரை ஜெயித்துவிட்டேன் என்று பாத்திரம் துலக்கும்போது தனியாகச் சிரித்துக்கொள்வேன். நீங்கள், "என்னடி?" என்பீர்கள். "ஒண்ணுமில்ல அண்ணி" என்பேன்.

பாலப் புத்தகத்தில் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. எஞ்சினியர் சாகும் பக்கத்தை முந்தின நாளே பார்த்துவிட்டேன். அவ்வளவு பெரிய பாலத்தைக் கட்டிய மனுஷன் கொசுக்கடியில் போவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவரைப் பிழைக்க வைத்தேன். செருப்பைக் கையில் கொடுத்து நடக்க விட்டேன். மிஷின் நின்றது மட்டுமில்லை, நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ படி" என்றீர்கள். எதைப் படிப்பது? என் கண்ணுக்கு முன்னால் இருந்தது அவருடைய சவ ஊர்வலம். மறுபடி சொன்னேன். "மொதல்ல 'கல்லு குளுந்திருந்துச்சு'ன்னு படிச்ச, இப்ப 'சில்லுன்னு'ங்கற?" என்று பிடித்துவிட்டீர்கள். "எழுத்து பொடிசா இருக்கு அண்ணி" என்றேன்.

உங்கள் கட்டுரையை மறுபடி எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தினேன். நீங்கள் பாராட்டிய ஐந்து காட்சிகளில் உப்பு, பாலம், இரட்டைச் சகோதரிகள் கண்ணாடி முன்னால் நிற்பது, இந்த மூன்றும் என்னுடையவை. ஐந்துக்கு மூன்று. அறுபது சதவீதம். முதல் வகுப்பு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் பத்திரிகையில் எழுதாதீர்கள். 'புத்தகத்தில் இல்லாததை எழுதாதே' என்று நாலாயிரம் நோட்டில் சிவப்பு மையால் எழுதியவள் நான். என்னிடம் படித்தவர்கள் இன்று தலைமையாசிரியைகளாக இருக்கிறார்கள். நினைவுப் பிசகு என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

டீச்சர்


மார்ச் 22

டீச்சர்,

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணன் பயந்துபோய் அவரே சமைத்தார். அதனால் மூன்றாவது நாள் பேச வேண்டியதாயிற்று.

போன வருஷம் விருது மேடையில் அந்த ஐந்து எழுத்தாளர்களையும் நினைத்துக் கைகூப்பினேன். படத்தைக்கூட நீ பார்த்திருப்பாய். அதில் மூன்று கும்பிடு யாருக்குப் போய்ச் சேர்ந்தது? எதிரில் முக்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு. அவளும் வாயைத் திறக்கவில்லை! இருபது வருஷம்! ஏழு நாவல் வந்தது, ஒவ்வொன்றையும் படித்துவிட்டு 'நன்று' என்று கார்டு போட்டாயே, ஒரு தடவையாவது 'அண்ணி, இது நான் சொன்னதாச்சே' என்று கேட்கத் தோன்றவில்லையா?

நினைவுப் பிசகு என்று எழுதச் சொல்கிறாய். எனக்கா? குளிர்ந்திருந்ததுக்கும் சில்லென்றதுக்கும் வித்தியாசம் பிடித்தவளுக்கா? அளவு எடுக்காமலே ஆளைப் பார்த்துச் சட்டை வெட்டியவள் நான். படிக்காதவள் என்று அந்தப் பேராசிரியர் சொல்லட்டும், பொறுத்துக்கொள்கிறேன். மறதிக்காரி என்று நானே கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன்.

உன் பெயரையும் எழுதமாட்டேன், நீ கேட்டுக்கொண்டதால். ஆக, எழுத ஒன்றுமில்லை. அந்த ஆள் சொன்னதே நிற்கட்டும்.

புது நாவலின் கடைசி அத்தியாயத்தை உருவிவிட்டேன். யாருடைய துணி என்று தெரியாமல் கத்தரிக்கோல் வைக்கமாட்டேன். பதிப்பாளரிடம் ஜூன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். மாதக் கடைசிக்கு முன் கிடைக்கவேண்டும்.

நேற்று கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் என் பழைய மாணவி, இப்போது தலைமையாசிரியை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அந்தப் பத்திரிகை. என் நல்ல காதுப் பக்கம் குனிந்து, "டீச்சர், இந்த நாவல் எழுதறவங்க உங்க சொந்தமாமே? பாருங்க, புத்தகத்தப் படிக்காமலே புகழ்ந்திருக்காங்க. தையல்காரங்கதானே, பாவம்" என்றாள்.

அவள் 'பாவம்' என்ற வார்த்தையை முடித்தாளோ இல்லையோ, "அது நான் சொன்ன காட்சி! புத்தகத்துல இருக்கறதவிட நல்லா இருந்துச்சு, அதான் அவங்க மனசுல நின்னுச்சு!" என்றேன். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு என்று தெரியாது. மொத்த ஆஸ்பத்திரியும் திரும்பிப் பார்த்தது. கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். ஒரு நர்ஸ் ஓடிவந்து, "யாரு என்ன சொன்னாங்க பாட்டிம்மா?" என்றாள். மாணவி எழுந்து நின்றுவிட்டாள், வகுப்பில் நிற்பதுபோல.

வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, அண்ணி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. பஸ்ஸில் இடம் கொடுத்த பையனிடம்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தேன்.

ஆகவே எழுதுங்கள். உள்ளது உள்ளபடி எழுதுங்கள். ஏற்கெனவே முப்பது பேருக்குத் தெரிந்த ரகசியம்.

ஏன் இருபது வருஷம் கேட்கவில்லை என்றீர்கள். உதாரணத்தோடுதான் சொல்ல வரும் எனக்கு. காம்பஸ் வைத்து வட்டம் போட ஒரு புள்ளி வேண்டும். புள்ளியை யார் வைத்தால் என்ன? கையைச் சுழற்றி, கோணாமல், ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து சேர்ப்பது வேறு வேலை. நான் புள்ளி வைத்தேன். எனக்குப் புள்ளி வைக்கத்தான் தெரியும், ஒரு பக்கத்துக்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியாது. என் எஞ்சினியர் தனியாக நடந்தார், அக்கரையோடு சரி. உங்கள் தையல்காரி முன்வாசலில் நடந்தால் அவளைப் பார்க்க ஒரு கம்பெனியே ஜன்னலில் நிற்கும் என்று எனக்குப் படிக்காமலே தெரியும். அந்தத் துணி உங்களுடையது. வெட்டுங்கள்.

டீச்சர்


ஏப்ரல் 10

டீச்சர்,

பத்திரிகை வந்துவிட்டது. கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று முக்கியமான இடத்தை இங்கேயும் எழுதுகிறேன்:

'பேராசிரியர் அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்தக் காட்சி புத்தகத்தில் இல்லை. நான் அந்தப் புத்தகங்களைப் படிக்கவில்லை, கேட்டேன். எட்டாவதோடு நின்று, தைத்துப் பிழைத்தவளுக்கு என் நாத்தனார் பதினோரு வருஷம் வாசித்துக் காட்டினார். பக்கம் கிழிந்திருந்த இடங்களில் அவரே கதையை முடித்தார். கிழியாத இடங்களிலும் சில சமயம் முடித்தார். நான் யாரைப் பார்த்து எழுத வந்தேன் என்று இனி யார் கேட்டாலும் சரியான விடை என்னிடம் இருக்கிறது. கட்டுரை புத்தகமாகும்போது தலைப்பைத் திருத்திக்கொள்கிறேன்: இரண்டு புத்தகங்களும் ஒரு டீச்சரும்.'

இதை எழுதி மிஷினில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே கால் நின்றது. 'கேட்டேன்' என்று எழுத இருபது வருஷம் கூசினேனே, அந்த வார்த்தைதான் எல்லாவற்றிலும் கம்பீரமாக நிற்கிறது.

பேராசிரியர் தனியாக எனக்கு ஒரு கார்டு போட்டார். உன் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படித்தார். 'நாற்பது வருஷம் அந்த நாவலைப் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் எஞ்சினியர் சாகும்போது வருத்தப்பட்டேன். பிழைக்க வைக்கலாம் என்று தோன்றவே இல்லை. அந்த அம்மையார் வேறு எந்தப் புத்தகங்களை முடித்து வைத்திருக்கிறார் என்று தெரிவிக்க முடியுமா?' அவ்வளவுதான். "இப்ப டிஸ்டிங்ஷனே போட்டுட்டாரு" என்றார் உன் அண்ணன். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எழுதறவ என் பொண்டாட்டி, எழுத வச்சவ என் தங்கச்சி. எனக்கு? எனக்கு காபி லேட்டாத்தான் வந்துச்சு."

பதிப்பாளரும் கூப்பிட்டார். ஜூனிலேயே வேண்டுமாம்.

தனிக் கட்டாக நாவலின் கையெழுத்துப் பிரதி வருகிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசி அத்தியாயம் அதில் இல்லை. நானே எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அனுப்பமாட்டேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்த புத்தகம் உன் கைக்கு வருவது இது முதல் தடவை இல்லையே. உன்னுடையதை நீ எழுது. என்னுடையது என்னிடம் இருக்கட்டும். இரண்டையும் மிஷின் முன்னால் வைத்துப் பார்த்துவிடுவோம்.

பயமாக இருந்தால் சொல்லிவிடு.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

பயமா? எனக்கா?

கட்டு வந்த அன்றே படிக்க ஆரம்பித்து நான்கு நாளில் முடித்தேன். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் மூடியைக் கழற்றவில்லை. இப்படி ஒரு நோட்டு என் கைக்கு வந்ததே இல்லை. என் அண்ணி எழுதியது என்று அடுக்ககத்தில் இருக்கும் எல்லோரிடமும் காட்டிவிட்டேன், கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் உட்பட. தொட விடவில்லை, காட்டினேன்.

கடைசி அத்தியாயம் எழுதிவிட்டேன். பதினாறு பக்கம் வந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் என்னால் முடியாது என்று சொன்னேன் இல்லையா, அது அடக்கத்துக்குச் சொன்னது. உங்கள் தையல்காரியை முன்வாசலில்தான் நடக்க விட்டிருக்கிறேன். ஆனால் வாசலைத் தாண்டியதும் அவள் ஒன்று செய்கிறாள். அது என்னவென்று நேரில்தான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மிஷினுக்கு எண்ணெய் போட்டு வையுங்கள். முக்காலி உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காபியை அண்ணன் முன்கூட்டியே குடித்துவிடட்டும்.

ஒரே ஒரு சங்கடம். மிஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று இப்போது எனக்குக் கேட்காது. அதற்கும் வழி யோசித்துவிட்டேன். வாசிக்கும்போது இடது கையால் தாளைப் பிடித்துக்கொள்வேன். வலது கையை மிஷின் பலகையின்மேல் வைத்துக்கொள்வேன். அது அதிர்ந்துகொண்டே இருந்தால் நாவலில் உங்கள் அத்தியாயமே இருக்கட்டும்.

நின்றால், கைக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் டீச்சர்